மூன்றுக்கும் ‘ஒழுக்கக்கேடு’தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் ஆங்கில மூலத்தில் ‘வீனல்’ (venal), ‘டிபாச்சரி’ (debauchery), ‘டிப்ரேவிட்டி’ (depravity) எது வந்தாலும் ‘ஒழுக்கக்கேடு’ என்றே போட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

‘வீனல்’ விலைபோகிறவன். விற்பனையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவன் சொட்டு மது தொடாதவனாக, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவனாக இருக்கலாம்; கையெழுத்துக்கு மட்டும் விலை உண்டு. ‘டிபாச்சரி’ குடியும் கூத்தும். அந்த ஆள் ஒரு பைசா லஞ்சம் வாங்காதவனாகக்கூட இருப்பான். ‘டிப்ரேவிட்டி’தான் மூன்றிலும் கனமான வசவு: மனமே கோணிப்போன நிலை. அதன் லத்தீன் வேருக்கும் ‘கோணல்’ என்றே பொருள். நம் ‘வக்கிரம்’ என்ற சொல்லுக்கும் அதே பொருள்தானே! கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை விட்டுவிட்டீர்கள்.

இழிநடத்தையைக் குறிக்கும் ‘டர்பிட்யூட்’ (turpitude) என்பதையும் அதே கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அது பேச்சில் புழங்காத சட்டச்சொல். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 1891 முதல் இருக்கிறது. மதுவரி ஏய்ப்புச் சதியில் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கில், 1951இல், அச்சொல் தெளிவற்றதல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் அதை ஏற்கவில்லை. நீதிபதிகளே மல்லுக்கட்டிய சொல்லை ஒரே வரியில் தாண்டிவிட்டாரே உங்கள் மொழிபெயர்ப்பாளர்!

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.