ஆறு பரிந்துரை, ஒரு விருதும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் நடிகைகள் என்றாலே விவியன் லீயோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. டெபோரா கெர்ரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். 1921இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பாலே பயின்று அப்புறம் நடிப்புக்கு வந்தவர். (அவர் பெயரை 'கார்' என்றுதான் உச்சரிக்க வேண்டும்.)

1947இல் வந்த 'பிளாக் நார்சிஸஸ்' படத்தில் இமயமலை மடத்தின் இளம் தலைமைக் கன்னியாஸ்திரியாக நடித்தார். படக்குழு இந்தியாவுக்கே வரவில்லை, மலையெல்லாம் இங்கிலாந்து ஸ்டுடியோவில் தீட்டியது. உடல் முழுக்க வெள்ளை அங்கி, தெரிவது முகம் மட்டும். அந்த முகத்திலேயே அதிகாரம், பயம், பழைய காதலின் நினைவு எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பிறகு ஹாலிவுட். சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு ஆறு முறை பரிந்துரை, ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. 1994இல்தான் கௌரவ விருது தந்தார்கள். அப்போது அவருக்கு வயது 72! அந்தத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தம்தான். 2007இல் காலமானார்.

உங்கள் சினிமாப் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை