முன்னாள் படைவீரர்களின் குதிகால் வலி

ஆசிரியருக்கு வணக்கம்.

காலையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்தினால், பெரும்பாலும் உள்ளங்காலின் தசைநார்ப் பட்டைதான் காரணம். பாதத்தைத் தாங்கும் காலணி அதன் இழுவையைக் குறைக்கும். மென்மையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மடக்கிப் பாருங்கள்: விரல் பக்கம் வளையலாம், நடுவில் மடியக் கூடாது, பின்பகுதி அமுக்கினால் நசுங்கக் கூடாது. கால் சற்று வீங்கும் மாலையில் அளவெடுங்கள், நீண்ட விரலுக்கு முன் 1 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். வீட்டில் வெறுங்காலோடு நடந்தால் வலி திரும்பும். கெண்டைக்கால் தசையை 30 வினாடி வீதம் தினமும் நீட்டுவதும் அவசியம்.

எரிச்சலோ மரத்துப்போவதோ இருந்தால் காலணி தீர்வாகாது. முதலில் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2011ஆம் ஆண்டு முன்னாள் படைவீரர் சட்டத்தில் மருத்துவ உதவியும் உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

— பாதநலப் பணியாளர்கள், சாட்ஸ்வொர்த், டர்பன்