கையிலிருந்து விழுந்த சுங்கான்

ஹேர்னிங், டென்மார்க்
கார்த்திகை 9

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். போன சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் பெருவிரலைத் தூக்கிக் காட்டியதை நீ பதிலாக எடுக்கமாட்டாய் என்று தெரியும். திட்டுவதை ஒரேயடியாகத் திட்டி முடித்துவிடு. இவள் சுகம், முழங்கால் மட்டும் படியேற விடுகுதில்லை. மூத்தவள் கோப்பன்ஹேகனில். சின்னவனிடம் கலியாணப் பேச்சை எடுத்தால் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப் போகிறான். பிராண்டே அம்மன் கோயில் திருவிழாவில் மூக்கனைக் கண்டேன். தலைக்கு மை பூசியிருக்கிறான், நடை மட்டும் அதே நடை. உன்னை விசாரித்தான். சைக்கிள் விஷயத்தை நான் கதைக்கவில்லை. நீயும் கதைக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு சுங்கானை, புகையிலை அடைத்துப் பிடிக்கிற பைப்பை, உடைத்துப்போட்டேன்.

சிரிக்காதே. எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி முந்தியும் எழுதியிருக்கிறேன், முதல் பனிக்காலத்தில் எனக்கு மண்வெட்டி தந்தவர். அவருக்கு நெஞ்சு முற்றாகப் பழுதாகி, புரட்டாதியில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். புகை அறவே கூடாதாம், நெருப்புப்பெட்டி கூடப் பக்கத்தில் இருக்கக்கூடாதாம். சுவரில் வரிசையாய் நின்ற சுங்கான்களையெல்லாம் ஆளாளுக்குக் கொடுத்தார். ஒன்றை மட்டும் என் கையில் வைத்து, "நீ பிடிக்கிறவன் இல்லை, உன்னட்டை இருந்தால் பழுதாகாது" என்றார். ஒரு நிபந்தனையும் போட்டார். ஞாயிறு தோறும் அதை அவரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் வெறும் சுங்கானை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கால்பந்தாட்டம் பார்ப்பார். முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தருவார்.

மூன்று கிழமைக்கு முன், வெள்ளிக்கிழமை, குசினியில் நின்று அதைத் துணியால் துடைத்தேன். வழுக்கி ஓட்டுத் தரையில் விழுந்தது. தலை ஒரு பக்கம், வாய்த்துண்டு ஒரு பக்கம். வாய்த்துண்டின் முனையில் சின்னி விரலை விட மெல்லிய ஒரு மூக்கு இருக்கும். அதுதான் மரத்துக்குள் போய் இறுகுவது. அது முறிந்து துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் நின்ற நிலையைப் பார்த்து இவள் எனக்கு நெஞ்சுவலி என்று பயந்து ஓடிவந்தாள். விஷயம் தெரிந்த பிறகு அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

சனிக்கிழமை காலை, ஒரு மணித்தியாலம் கார் ஓடி, சுங்கான் செய்கிற ஒருவரின் பட்டறைக்குப் போனேன். பட்டறை என்றால் வீட்டுக் கராஜ்தான். ஒரு கடைசல் இயந்திரம், ஒரு மணல்தாள் சில்லு, சன்னலடியில் ஒரு கதிரை. என்னைவிட மூத்தவர். நான் சாமானைச் சுற்றியிருந்த கைலேஞ்சியை அவிழ்த்ததும் தலையைப் பார்க்கவில்லை, முறிந்த வாய்த்துண்டைத்தான் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். பல்லுக்கிடையில் போகும் நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது யாருடைய கை என்று பெயர் சொன்னார். மரத்தில் குத்திய முத்திரை எப்போதோ தேய்ந்துபோன சுங்கான் அது! ஆள் செத்துப் பல வருடமாம்.

மச்சான், எனக்கு அந்த இடத்தில் தலைக்குள் என்னவோ செய்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முறிந்த துண்டை எடுத்த விதத்தைக் கேள். ஒரு திருகாணியை லேசாகச் சூடாக்கி, துளைக்குள் நின்ற துண்டின் நடு ஓட்டைக்குள் மெல்ல இறக்கினார். ஆறும் வரைக்கும் பேசாமல் இருந்தார். பிறகு குறட்டால் பிடித்து, முள்ளெடுப்பது போல ஒரே இழுவை. வாய்த்துண்டைக் கடைசலில் பூட்டி நேராகத் துளைத்து, டெல்ரின் என்கிற பிளாஸ்டிக்கில் ஒரு புது மூக்குக் கடைந்து வைத்தார். இருபது நிமிட வேலை. நான் வீடு திரும்ப இருட்டிவிட்டது.

இடைப்பட்ட நேரம் முழுக்க அந்த மனிசன் கதைத்தார், நான் பார்த்தேன். இந்தச் சுங்கான் மரத்துக்குப் பிரையர் என்று பெயர். டென்மார்க்கில் முளைக்காது. கோர்சிக்கா, இத்தாலி, கிரேக்கம் என்று மத்தியதரைக் கடலோரப் பற்றைக்காட்டில் வெள்ளைப் பூப் பூத்து நிற்கும். வேண்டியது மரமில்லை, வேருக்கும் தண்டுக்கும் நடுவில் கிழங்கு மாதிரித் திரண்டிருக்கும் முண்டு. காட்டுத்தீ வந்து மேலே உள்ளதெல்லாம் எரிந்தாலும் அந்த முண்டு தப்பித் திரும்பத் துளிர்க்கும். நெருப்புக்குத் தப்பப் பழகிய சாமான் என்றுதான் அதற்குள் நெருப்பை வைக்கிறார்கள். தோண்டி, வெடிக்காமல் ஈரத்தில் வைத்து, அறுத்து, கசப்புச் சாறு போக அரை நாளுக்கு மேல் அவித்து, பிறகு மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் காயவிடுவார்கள். அந்த மனிசனின் தட்டில் கிடந்த கட்டைகளில் பென்சிலால் வருடம் எழுதியிருந்தது. 2009 என்று ஒன்றில் கண்டேன்.

எழுபது எண்பது வருடத்துக்கு முந்தி எல்லாரும் முதலில் துளை போட்டு, துளைக்கு ஏற்றபடி உருவைக் கடைந்தார்களாம். அதனால் எல்லாச் சுங்கானும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே சீருடை. சிக்ஸ்டன் இவார்சன் என்று ஒருவர், 1910இல் சுவீடனில் பிறந்து கோப்பன்ஹேகனுக்கு வந்தவர், ஒழுங்கை மாற்றினார். முதலில் மரத்தின் இழை எங்கே ஓடுகிறது என்று பார்த்து உருவைச் செதுக்குவார், துளை பிறகுதான். பின்னால் மகன் லார்ஸ், பேத்தி நன்னா என்று மூன்று தலைமுறை அதே வேலை. இன்றைக்கு யப்பான்காரன் வரைக்கும் டேனிஷ் சுங்கான் என்றால் தொப்பியைக் கழற்றுகிறான். தொடக்கத்தில் சிக்ஸ்டனும் உடைந்த சுங்கான் திருத்தினவர்தானாம். இதைச் சொல்லும்போது அந்த மனிசன் என் கைலேஞ்சியைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்த உத்தேசம் இல்லை, பயப்பட வேண்டாம் என்றேன்.

கிழவரின் சுங்கானைக் கையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் இழை அடியிலிருந்து விளிம்பு வரைக்கும், வாரின தலைமயிர் மாதிரி நேராக ஏறுகிறது. அதே இழையின் நுனிகள் மேல் விளிம்பில் குருவிக் கண் போலப் புள்ளி புள்ளியாய் நிற்கின்றன. ஒரே மரத்தை இரண்டு பக்கத்தால் பார்க்கிற வித்தை. உருவம் ஒரு நூல் சரிந்திருந்தால் இரண்டும் கெட்டது. புகை வரும் துளை நாலு மில்லிமீற்றர்தான், அது வெளியிலிருந்து சாய்வாக வந்து கிண்ணத்தின் அடியில் சரியாக முட்ட வேண்டும். மேலே முட்டினால் அடியில் ஈரம் தேங்கிக் கடைசிவரைக்கும் களகளவென்று சத்தம் போடுமாம், எங்கள் சின்னாச்சியின் ஆஸ்துமா மாதிரி.

கடைசி மெருகு என்ன தெரியுமா? கார்னௌபா என்கிற மெழுகு. பிரேசிலில் ஒரு பனைச்சாதி மரத்தின் ஓலையில் எடுப்பது. பனை மச்சான்! எங்கே போனாலும் விடுகுதில்லை பார்.

நான் நிற்கும்போதே அவருக்கு ஒன்று பிழைத்தது. இரண்டு நாள் செதுக்கின தலை. கண்ணாடி போல வந்துகொண்டிருந்தது. கடைசி மணல்தாளில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. இன்னும் தேய்த்தார், கடுகு மிளகாயிற்று. மரம் வளரும்போது உள்ளே அகப்பட்ட குழி. பசை வைத்து அடைக்கலாம்தானே என்று கேட்டேன். "அடைக்கலாம். பசை மரம் மாதிரிச் சாயம் பிடிக்காது, பத்து வருசத்தில் முகத்தில் மரு மாதிரித் தெரியும். அப்ப நான் செத்திருப்பன், வாங்கினவன் குழிக்குள்ள கிடக்கிற என்னைத் திட்டுவான்." சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டார். பெட்டி நிறைய அப்படியான தலைகள். அடுப்பெரிக்கவாவது உதவுமே என்றேன். "இது நெருப்புக்குப் பிடிக்காத மரம் அல்லவா, அடுப்புக்கும் உதவாது" என்றார்.

இப்போது ஏன் என் தலைக்குள் என்னவோ செய்தது என்று சொல்கிறேன். சுருட்டுக் கொட்டில் ஞாபகமிருக்கா? என் அப்பு இருந்து சுருட்டுச் சுற்றியது நாலாவது பலகையில். இலையை மடியில் நீவி, மேலிலையைக் கத்தியால் வளைத்து வெட்டி, உள்ளிலையை வைத்து உருட்டி, நுனியை ஒரு திருகு. நீ மூலையில் வாங்கில் ஏறி நின்று சுற்றுகிறவர்களுக்கு வீரகேசரி வாசிப்பாய். தொடர்கதையில் நீ சொந்தமாய்ச் சேர்த்த அந்த ஒன்பதாம் பக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நடுரோட்டில் சிரிப்பு வரும். நுனித் திருகைப் பார்த்தே "இது நாலாம் பலகைச் சுருட்டு" என்று கடைக்காரர் கேட்டு வாங்குவார்களே, அதே மாதிரித்தான் இந்த மனிசன் வாய்த்துண்டின் நுனியைத் தடவிப் பெயர் சொன்னார். ஆனால் மச்சான், அப்பு ஆயுள் முழுக்கச் சுற்றியது அத்தனையும் சாம்பலாய்ப் போயிற்று. ஒன்றுகூட இல்லை. எந்த மடையன் சுருட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான்? ஆறு நாளாய் ஒருவன் செய்த சுங்கானுக்கு ஆயிரக்கணக்கில் குரோனர் விலை. அப்புவுக்கு நூறு சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி, அதிலும் கணக்கப்பிள்ளை கழிவு சொல்லுவார். எனக்குக் கோபமா கவலையா என்று தெரியவில்லை. வரும் வழியில் பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன்.

கிழவரின் புகையிலை டப்பாவைத் திறந்து மணந்து பார். இனிப்பும் ரம்மும் ஏற்றியிருப்பார்கள். வாசனைக்குக் கோடாச் சாறு போட்ட இலையோடு கொட்டில் வாசலில் நின்ற மாதிரியே இருக்கும்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாயிருக்கிறது. இந்த அழகெல்லாம் எதுக்கு? நஞ்சைக் குடிக்க ஒரு நல்ல பாத்திரம். அதனால் கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லு. ஆவணியிலிருந்து உனக்கு வாய்க்குள் ஒரு புண் ஆறாமல் இருக்கிறதாம். தம்பி தொலைபேசியில் சொன்னான். நீ "பல்லுக் குத்தினது" என்கிறாயாம். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணைப் பல்லின் தலையில் போடாதே. கொட்டிலிலிருந்து எத்தனை பேரைத் தொண்டையிலும் வாயிலும் கொடுத்தோம், உனக்கு நான் எண்ணிக் காட்டவா? தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு உன் வீட்டு வாசலால் பஸ் போகிறது. இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த நாள் போ. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ, தனியே போனால் பாதி வழியில் இறங்கித் தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டு வருவாய், உன்னை எனக்குத் தெரியும்.

ஞாயிறு நடந்ததைச் சொல்லாமல் விட்டேனே. கிழவர் சுங்கானை வாயில் வைத்தார். இரண்டு விநாடி. கண்ணை மூடிக்கொண்டு பல்லால் ஒரு முறை அசைத்தார். "விழுத்திப்போட்டாய்" என்றார். நான் முழுசினேன். "இது ஒருநாளும் இவ்வளவு இறுக்கமாய் இருந்ததில்லை." பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலாகி, தாதி ஓடிவந்து என்னைத்தான் முறைத்தாள். அன்றைக்கு ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது, அதற்கும் நான்தான் காரணம் என்றார்.

ஒரு உதவி. அப்புவின் பலகை உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்தபோது உன் அம்மா எடுத்து வைத்தா, நான் கண்டேன். முதிரைப் பலகை, நடுவில் அவருடைய உள்ளங்கை தேய்த்த பள்ளம் இருக்கும். தம்பி சொல்கிறான், தங்கச்சி அதில் மீன் வெட்டுகிறாவாம். கோபமில்லை, சொல்லிவிடு. அனுப்ப வேண்டாம், நான் தையில் வருகிறேன். அதுவரைக்கும் மீனை வேறு எதிலாவது வெட்டச் சொல்லு. இங்கேயிருந்து ஒரு நல்ல பிளாஸ்டிக் பலகை வாங்கி வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன திகதியை எழுது. பெருவிரல் அனுப்பாதே.

உன்,
நாலாம் பலகையின் மகன்