படகில் தங்கும் பயணத்துக்குப் பணம் வாங்கிவிட்டுப் பேருந்தில் சுற்றிக் காட்டியது பற்றிய புகார்

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: நார்ஃபோக் பிராட்ஸ் கோடைச் சுற்றுலா – சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த ஜூன் மாதம் தாங்கள் நடத்திய இங்கிலாந்து கிராமப்புறச் சுற்றுலாவில் நானும் என் மனைவியும் வந்திருந்தோம். லண்டன் பகுதியில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆறுகளும் ஆழமில்லாத ஏரிகளும் இணைந்த பிராட்ஸ் நீர்வழிப் பகுதியைப் பார்க்க, கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

தங்கள் பயணத் திட்டத்தில் இருந்தது இது: ராக்ஸமில் படகேறி, மூன்று இரவு படகிலேயே தங்கி, பியூர் ஆற்றில் ஹார்னிங், ரான்வர்த் பார்த்து, ஆன்ட் ஆற்றில் ஹவ் ஹில் போய், பிறகு தர்ன் ஆற்றின் வழியே ஹிக்லிங் வரை செல்வது. அதன்பின் ஹார்சி, ஹேஸ்பரோ, குரோமர் கடற்கரைகள். படகுக்கென்று ஆளுக்கு 68,000 ரூபாய் தனியாக வாங்கினீர்கள். கிடைத்தது கிரேட் யார்மத்தில் ஒரு விடுதி அறை, தினமும் பேருந்து, ராக்ஸமில் ஒரு மணி நேரப் படகுச் சவாரி.

பேருந்திலும் அதே ஊர்களைத்தான் காட்டினோம் என்று தங்கள் அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. பிராட்ஸ் சாலையிலிருந்து பார்க்கக்கூடிய இடமே அல்ல. தரை தட்டையானது, கரையெங்கும் ஆளுயரத்துக்கு மேல் நாணல். பேருந்து ஜன்னலில் நாணலும் வயலும் தெரியும், எங்கோ தூரத்தில் ஒரு பாய்மரத்தின் நுனி வயலுக்கு நடுவே நகர்வது தெரியும். தண்ணீர் தெரியாது. படகை ஏற்றி இறக்கும் மதகுப் பூட்டு (lock) ஒன்றுகூட இல்லாமல் 200 கிலோமீட்டருக்கு மேல் படகு போகும் நீர்வழி அது. வேக வரம்பு மணிக்கு 3 முதல் 6 மைல்தான். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ராக்ஸமிலிருந்து ரான்வர்த் போய்த் திரும்ப வழியே இல்லை. நீரில் மெதுவாகப் போவதற்காகத்தான் நாங்கள் இந்தச் சுற்றுலாவையே தேர்ந்தெடுத்தோம்.

படகு ஏன் இல்லை என்று கேட்டபோது, நீர்மட்டம் ஏறிவிட்டதால் பாட்டர் ஹெய்கம் பாலத்துக்கு அடியில் படகு நுழையாது என்றார் வழிகாட்டி. அந்தப் பாலம் தாழ்வானது என்பது உண்மை. இடைக்காலத்தில் கட்டிய கல் பாலம். நீர் உயர்ந்திருந்தால் வாடகைப் படகுகளால் அதன் அடியில் போக முடியாது. ஆனால் அது இருப்பது தர்ன் ஆற்றில். ஹார்னிங்குக்கோ ரான்வர்த்துக்கோ ஹவ் ஹில்லுக்கோ போக அதைத் தாண்டத் தேவையே இல்லை. அதற்கு அப்பால் இருப்பவை ஹிக்லிங்கும் ஹார்சியும். அந்த ஒரு நாள் போகாமல் நின்றிருந்தால் நானும் புரிந்துகொண்டிருப்பேன். மூன்று நாளையும் ரத்து செய்ய அந்தப் பாலம் எப்படிக் காரணமாகும்? படகை முன்பதிவு செய்தீர்களா இல்லையா என்று இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

என் மனைவி விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பிரிட்டனிலேயே பிராட்ஸில் மட்டும் வாழும் ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அதன் புழு 'மில்க் பார்ஸ்லி' என்ற சதுப்புநிலச் செடியைத் தின்று வளர்வது. ஜூன் மாதம்தான் அதற்குச் சரியான பருவம். தங்கள் கையேட்டிலும் அதன் படம் பெரிதாக இருக்கிறது. ஹவ் ஹில்லில் பேருந்தை நிறுத்தி, கழிவறைக்குப் போக இருபது நிமிடம் என்றார்கள். அவர் வேகமாக நடந்து சதுப்புநிலப் பாதை தொடங்கும் இடம் வரை போனார். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தவர் விடுதி வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதற்கு எவ்வளவு நஷ்டஈடு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரான்வர்த் தேவாலயக் கோபுரத்தில் ஏறினால் பிராட்ஸ் முழுவதும் கண்ணில் விரியும். படகு இல்லாதவர்களுக்கு அதுவாவது கிடைத்திருக்கலாம். கடைவீதியில் நேரத்தைக் கழித்துவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவைப் பூட்டிவிட்டார்கள். பிராட்ஸ் ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்று வேறு வழிகாட்டி மைக்கில் சொன்னார். இடைக்காலத்தில் எரிபொருளுக்காக மக்கள் கரிமண் வெட்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்து உண்டானவை அவை. 1950-களில் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் ஆராய்ந்து கண்ட உண்மை இது. அந்த மண்ணின் அடிப்படைச் செய்தியே தெரியாத ஒருவரை வழிகாட்டியாக அனுப்புவது முறையா?

கடற்கரைக்கு வருகிறேன். கையேட்டின் அட்டையில் ஹார்சி மணலில் வெள்ளை ரோமத்தோடு படுத்திருக்கும் சீல் (கடல்நாய்) குட்டி. அங்கே சாம்பல் சீல்கள் குட்டி போடுவது நவம்பர் முதல் ஜனவரி வரை. அந்த வெள்ளை ரோமமும் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். கோடைச் சுற்றுலாவுக்கு அந்தப் படத்தைப் போட்டது வாடிக்கையாளரை ஏமாற்றும் செயல். எங்களோடு வந்த ஒரு குடும்பத்தின் சிறுமி நாள் முழுக்க அந்தக் குட்டியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹேஸ்பரோவில் இறங்கவே விடவில்லை. 8 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான மனிதக் காலடித் தடங்கள் 2013-இல் வெளிப்பட்டு, சில வாரங்களிலேயே கடல் அரித்துச் சென்ற கரை அது. 1790-இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தை ஓடும் பேருந்திலிருந்து காட்டி, 'பார்த்தாயிற்று' என்று பட்டியலில் குறித்துக்கொண்டார்கள். குரோமரில் மட்டும் போதிய நேரம் கொடுத்தார்கள். ஓட்டுநர் கடைசிவரை பொறுமையாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டார். அவர்மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

சைவ உணவு என்று சொல்லிவிட்டு மதியம்தோறும் ஆறிப்போன சாண்ட்விச் தந்ததையும் பதிவு செய்கிறேன்.

படகுக்காக வாங்கிய தொகை முழுவதையும் எங்கள் இருவருக்கும் திருப்பித் தர வேண்டும். அடுத்த சுற்றுலாவுக்கான 'தள்ளுபடிக் கூப்பன்' வேண்டாம். படகு ரத்தானது எப்போது தெரியும், ஏன் புறப்படுமுன் எங்களிடம் சொல்லவில்லை என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். சீல் குட்டிப் படத்தை உடனே நீக்குங்கள். அடுத்த குழுவில் பெயர் கொடுத்திருப்பவர்களிடம், படகு உண்டா இல்லையா என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லுங்கள். அவர்களிலும் வாழ்நாள் சேமிப்பை எடுத்து வருகிறவர்கள் இருப்பார்கள்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: பயணத் திட்ட நகல், பணம் செலுத்திய ரசீது, கையேட்டின் அட்டை, மின்னஞ்சல் நகல்கள்.