380 பேருக்கும் 3 புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையச் செயலிக்கு எந்த மேகத் தரவுத்தளத்தை, அதாவது வேறு நிறுவனத்தின் சர்வர்களில் இணையம் வழியே இயங்கும் தரவுத்தளத்தை, தேர்ந்தெடுப்பது என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகம், கட்டணம், கொள்ளளவு எல்லாவற்றையும் அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். நல்ல உழைப்பு. ஆனால் மூன்றாம் பத்தியில், இரண்டாவது சர்வரில் உடனுக்குடன் நகல் சேமிக்கப்படுவதால் பேக்கப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஒரு வரி இருந்தது. ஒரு காலத்தில் அதை அப்படியே நம்பியவன் நான்.

சதுரங்கப் போட்டிகளின் முடிவுகளை வெளியிடும் இணையதளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். எங்கள் தரவுத்தளமும் 'நிர்வகிக்கப்படும்' வகைதான். இந்தச் சொல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செயப்பாட்டு வினையில் வசதி என்னவென்றால், செய்கிறவர் யாரென்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். வட்டு பழுதானால் மாற்றுவது, பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றுவது, இரவில் பேக்கப் எடுப்பது எல்லாம் சேவை தரும் நிறுவனத்தின் வேலை. தவறான ஆணையை இடுவது மட்டும் நம்முடைய வேலை.

380 பேர் ஆடிய போட்டி அது. 6 சுற்றுகள் முடிந்திருந்தன. ஒரு மேசையின் முடிவு தவறாகப் பதிவாகியிருக்கிறது, அது டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி என்று நடுவர் சொல்லியனுப்பினார். என்னுடன் இருந்தவர் திருத்த ஆணையைத் தட்டினார். எந்த மேசை என்று சொல்லும் நிபந்தனை வரியைச் சேர்க்க மறந்துவிட்டார். 1,140 வரிசைகள் மாற்றப்பட்டன என்று திரையில் வந்தது, அதாவது 6 சுற்றுகளின் அத்தனை ஆட்டங்களும். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை அரை, அரை, அரை. எல்லோருக்கும் 3 புள்ளி. சமநிலை முறிக்கும் புக்ஹோல்ஸ் கணக்காவது கைகொடுக்குமா என்று பார்த்தால், எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டுவதுதானே அது, அங்கும் ஆளுக்கு 18. அத்தனை சமாதானமான போட்டியைச் சதுரங்க உலகம் கண்டிருக்காது.

அவசரமாக இரண்டாவது சர்வரைத் திறந்தேன். அங்கும் அரை, அரை, அரை. அதன் கடமையே அதுதான்: முதல் சர்வரில் நடப்பதை நொடிகூடப் பிந்தாமல் தானும் செய்வது. முதல் சர்வர் படுத்துவிட்டால் அது காப்பாற்றும். அழிக்கும் ஆணை வந்தாலும் அதே விசுவாசத்தோடு நிறைவேற்றும்.

காப்பாற்றியது, குறிப்பிட்ட நிமிடத்துக்குத் திரும்பிப் போகும் வசதி. அதிலும் தடுமாறினேன். படிவம் கேட்டது உலகப் பொது நேரம். நான் கொடுத்தது சுவர்க் கடிகார நேரம். முதல் முயற்சி பாழ். மேலும், பழைய தரவுத்தளமே பழைய நிலைக்குத் திரும்பும் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. வேறு முகவரியோடு புதிதாக ஒரு சர்வர் எழுந்து வந்தது. அமேசானின் மேகத் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ் போன்றவற்றிலும் இதுதான் முறை. அதிலிருந்து முடிவுகள் அட்டவணையை மட்டும் எடுத்துப் பழையதில் பொருத்தி முடிக்க 50 நிமிடம் ஆனது. ஏழாம் சுற்றுக்கு வந்து அமர்ந்த 380 பேரும் எதிராளி யாரென்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் தரவை அழித்துவிட்டார். பேக்கப் ஓடுகிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளின் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு. பொருந்தாததால் அது ஓடவே இல்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக 6 மணி நேரம் முன்பு யாரோ எடுத்துவைத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. எதையும் மறைக்காமல் அவர்களே இதை வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆகவே தேர்ந்தெடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டியவை வேறு. எத்தனை நாள் பின்னோக்கிப் போக முடியும்? ஆர்டிஎஸ்ஸில் தானியங்கி பேக்கப்புக்கு உச்சவரம்பு 35 நாள். சர்வரை அழித்தால் பேக்கப்பும் கூடவே போய்விடுமா? அங்கே, வைத்திருக்கச் சொல்லாவிட்டால் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போக முடியுமா?

புதிய செயலிக்கு, ஒவ்வொரு பதிவையும் தனித்தனி ஆவணமாக வைக்கும் ஆவண வகைத் தரவுத்தளமே எளிது என்ற கட்டுரையின் பரிந்துரையிலும் எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஆட்டத்தின் முடிவைத் திருத்தினால், அந்த இருவரோடு மோதிய அத்தனை பேரின் புக்ஹோல்ஸும் மாறும். ஆவணங்களில் அதைப் பல இடங்களில் எழுதிவைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற உறவுமுறைத் தரவுத்தளங்களில் ஒரே கேள்வியில் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒன்றோடொன்று உறவுள்ள தரவுக்கு உறவுமுறைத் தரவுத்தளம்தான் பொருத்தம். பெயரே அதைத்தானே சொல்கிறது!

தூரத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். செயலி ஓரிடத்திலும் தரவுத்தளம் 3,000 கிலோமீட்டர் தள்ளியும் இருந்தால், செயலி தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வி போய்வரவே 30 மில்லிநொடி. ஒரு பக்கத்துக்கு 60 கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 1.8 நொடி வழியிலேயே கழியும். எவ்வளவு வேகமான சர்வரை வாங்கினாலும் இது குறையாது.

இணைப்பு எண்ணிக்கை இன்னொன்று. போஸ்ட்கிரெஸ் தன் இயல்பில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளை ஏற்கும். சிறிய கட்டணத் திட்டங்களில் அதைவிடக் குறைவாகவும் வைத்திருப்பார்கள். அடுத்த சுற்றில் யாருக்கு யார் என்ற பட்டியல் வெளியாகும் நிமிடத்தில் எங்களுக்கு அது போதவே போதாது. செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள் ஒன்றை வைத்து இணைப்புகளைப் பகிர்ந்துகொள்கிறோம். அது திட்டத்திலேயே சேர்ந்து வருகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றவற்றை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாம் பத்தியின் அந்த வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையை மறுபடி அச்சிடுவதாக இருந்தால், மீட்டெடுத்துப் பார்த்தபோது ஆன நேரம் என்று ஒரு நெடுவரிசையும் சேருங்கள். எங்களுடையது, போன மாத ஒத்திகையில், 34 நிமிடம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்