எரிகலனின் ஓசையைப் பூட்டி வைக்காதீர்கள்

கேஸ் டர்பைன் தயாரிப்பு நிறுவனங்களின் எரிப்புக் கட்டுப்பாட்டுப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு, அந்த டர்பைன்களை ஓட்டுகிறவர்களும் அவற்றின் கருவிகளைப் பராமரிக்கிறவர்களும் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

அண்மையில் ஓர் இயந்திரம் சுமை குறைந்துகொண்டிருந்தபோது சுடர் அணைந்து டிரிப் ஆனது, அதாவது தானாகவே நின்றுவிட்டது. அதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் எரிகலனுக்குள், அதாவது எரிபொருள் எரியும் அறைக்குள், எழுந்த அழுத்த அலையின் பதிவைத் தயாரிப்பாளரிடம் கேட்டோம். அலைவடிவம் சேமிக்கப்படுவதில்லை, நொடிக்கு ஒரு வீச்சு மதிப்புதான் இருக்கிறது, அதுவும் எல்லைக்குள்தான் இருந்தது என்று பதில் வந்தது. சுடர் அணைந்தே போயிருக்கிறது. கண்காணிப்புத் திரையில் கடைசி வரை எல்லாம் பச்சை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று விளக்கம் கேட்டு மறுபடி எழுதினோம். அதற்குப் பதிலே இல்லை. ஆகவே இந்த மடல்.

நாங்கள் முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு எரிகலனின் அழுத்த சென்சாரிலிருந்தும் வரும் மூல அலைவடிவத்தை, சராசரி எடுக்காமல், அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்காமல், இயந்திரத்தை ஓட்டுகிறவர்களின் கைக்கு எட்டும்படி தாருங்கள்.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த மெலிந்த கலவையில் எரிப்பது ஏன், அப்படி எரியும் சுடர் ஏன் உறுமுகிறது என்பதையெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அணையும் விளிம்புக்குப் பக்கத்தில் சுடரை வைத்து ஓட்டும்படி இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் நீங்கள். அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்று நேரத்தோடு சொல்லக்கூடியது ஓசைதான். புற ஊதா சுடர் உணரி சுடர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். பல இயந்திரங்களில் அது சில கலன்களில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. வெளியேற்று வாயுவின் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்கள் நொடிக் கணக்கில் பின்தங்கும். போதாததற்கு வாயு சுழன்று வருவதால், அவை காட்டும் குளிர்ந்த இடம் எந்தக் கலனுடையது என்பதே சுமைக்கு ஏற்ப நகர்ந்துவிடும். உறுமலின் அழுத்த ஊசலாட்டமோ பத்துப் பதினைந்து சுற்றுகளுக்குள் பெருத்துவிடும். 15 பார் அழுத்தமுள்ள கலனில் அதன் ஒரு சதவீதம் ஊசலாடினாலே 170 டெசிபலைத் தாண்டுகிறது. அது கலனின் உட்சுவரான லைனரில் விரிசல் விழ வைக்கும், கலன்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புக் குழாய்களைத் தேய்க்கும்; உடைந்த துண்டு நேரே முதல் வரிசை பிளேடுகளில் போய் மோதும்.

அணையப் போகும் சுடர் சத்தமில்லாமல் போவதில்லை. அது ஓரிடத்தில் அறுந்து, மறுபடி பற்றி, மறுபடி அறுகிறது. ஒவ்வொரு முறையும் சில பத்து ஹெர்ட்ஸுக்குள் குறுகிய ஒரு முட்டல் வரும். அந்த முட்டல்கள் அடிக்கடி வரத் தொடங்கினால் விளிம்பு நெருங்கிவிட்டது என்று பொருள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். உறுமல் தொடங்கும் முன் இரைச்சல் எப்படி மாறுகிறது, விட்டுவிட்டு வரும் கொந்தளிப்பு என்ன சொல்கிறது, அலையின் ஏற்ற இறக்கம் எவ்வளவு தூரம் தன் போக்கிலேயே தொடர்கிறது என்று அளக்கும் ஹர்ஸ்ட் எண் எப்படிச் சரிகிறது என்பதை மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜித்தின் குழு 2014-இல் விரிவாக எழுதியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அலைவடிவம் வேண்டும். உங்கள் கருவி என்ன செய்கிறது? நான்கு நொடிச் சாளரத்தில் சராசரி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லிநொடி முட்டல் ஒன்று அதில் விழுந்தால், ஆற்றல் நூறில் ஒரு பங்காகவும் சராசரி வீச்சு பத்தில் ஒரு பங்காகவும் கரைந்துவிடும். அலாரம் எல்லையை அது எப்படித் தொடும்? சுடர் அடித்துக்கொள்வதை சென்சார் கேட்டிருக்கிறது. கேட்டதைக் கருவி கரைத்துவிட்டுத்தான் எங்களிடம் காட்டியிருக்கிறது.

எங்களை மிகவும் வருத்துவது அளவுக் குழாய்தான். சென்சாரைக் கலனின் வெப்பத்தில் வைக்க முடியாது என்பதால், மெல்லிய குழாய் ஒன்றின் வழியே ஓசையை வெளியே கொண்டுவந்து, ஒரு டீ இணைப்பில் சென்சாரைப் பொருத்தி, அதற்கப்பால் அதே உள்விட்டமுள்ள நீண்ட சுருளை வைத்து முனையை மூடுகிறீர்கள். போன அலை திரும்பி வராமல் சுருளுக்குள்ளேயே தேய்ந்து மடிய வேண்டும் என்பது கணக்கு. நல்ல ஏற்பாடுதான், குழாய் உலர்ந்திருக்கும் வரை. இயந்திரம் நின்று குளிரும்போது எரிப்பு வாயுவின் நீராவி உள்ளே படிகிறது. குழாய்க்குச் சரிவு சரியில்லை, குழாயை உலர்த்த ஊதும் நைட்ரஜன் போதவில்லை என்றால் தாழ்ந்த வளைவில் தண்ணீர் தேங்கிவிடும்.

அந்தத் தண்ணீர் கலனுக்கும் சென்சாருக்கும் நடுவில் நின்றால் ஓசையின் பெரும்பகுதி சென்சாரை எட்டாது. சென்சாருக்கு அப்பால், சுருளின் பக்கம் நின்றால் இன்னும் மோசம். அலை அங்கே மோதித் திரும்பும். தண்ணீர் ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், குழாய்க்குள் ஓசையின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் அளவில் இருக்க, 85 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சென்சார் செவிடாகும். 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய இரு மடங்காகக் காட்டும். இல்லாத உறுமலுக்காகச் சுமையைக் குறைப்போம், இருக்கும் உறுமலைத் தெரியாமல் ஓட்டுவோம்.

திரையில் இது எப்படித் தெரியும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 14 கலன்களில் 13 வழக்கமான அளவைக் காட்டுகின்றன. ஒன்று மட்டும் பாதி காட்டுகிறது. உங்கள் அலாரம் மேல் எல்லையை மட்டுமே பார்ப்பதால் அது வாய் திறப்பதில்லை. இருப்பதிலேயே அமைதியான கலன் அதுதான் என்று அறிக்கையில் பதிவாகிறது. டெக்னீஷியன் ஒருவர் சுருளுக்குக் கீழே உள்ள வடிகால் வால்வைத் திறந்தால் ஒரு கரண்டி துருத்தண்ணீர் வடிகிறது; கலனின் அளவு உடனே மற்றவற்றோடு வந்து சேர்கிறது. அதுவரை, எல்லாக் கலன்களிலும் உயர்ந்த மதிப்பை எடுத்து முடிவு செய்யும் தானியங்கி ட்யூனிங், ஆக மோசமான கலன் எதுவோ அதையே கேட்காமல் சுடரை நிலையாக வைத்திருக்கும் பைலட் எரிபொருளைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கலாம். அலைவடிவம் கையில் இருந்தால் இதைக் கண்டுபிடிக்க வால்வைத் திறக்கவே வேண்டாம். பக்கத்துக் கலனின் அடித்தள இரைச்சலோடு ஒப்பிட்டால் போதும்: உயர் அதிர்வெண்கள் முழுக்க மழுங்கியிருக்கும், மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கோடு மட்டும் அப்படியே நிற்கும். அந்தக் கோடும் ஒரு தொல்லைதான். நிலத்தொடர்பு தவறாக இருக்கும் கேபிளில் அது சுடர் அணையும் பட்டைக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். சுமை எவ்வளவு மாறினாலும் ஊசி முனையளவும் நகராத கோடு சுடருடையது அல்ல என்று அலைவடிவத்தைப் பார்ப்பவர் உடனே சொல்லிவிடுவார். ஒற்றை எண்ணைப் பார்ப்பவர் எதை வைத்துச் சொல்வார்?

இன்னொன்று, நேரத் தொடர்பு. அழுத்தம் கூடியிருக்கும் தருணத்தில் வெப்பம் சேர்ந்தால் ஊசலாட்டம் வளரும் என்று இயற்பியலாளர் ராலே 1878-இல் சொன்னார். எந்தத் தருணம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இணைப்புக் குழாய்களால் ஒட்டியிருக்கும் பக்கத்துக் கலன்கள் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா, ஒன்று ஏற மற்றது இறங்குகிறதா என்பதைப் பொறுத்து மருந்து வேறு. இரண்டின் அதிர்வெண்களும் அருகருகே இருக்கலாம். வீச்சு எண்ணில் இந்த வேறுபாடு மிஞ்சுவதே இல்லை. எல்லாச் சேனல்களையும் ஒரே கடிகாரத்தில் பதிந்தால்தான் தெரியும்.

பருவம் மாறும்போதும் எரிவாயுவின் கலவை மாறும்போதும் ட்யூனிங் செய்ய உங்கள் பொறியாளர் வருகிறார். தம் மடிக்கணினியை இணைக்கிறார், அலைவடிவத்தைப் பார்க்கிறார், எரிபொருள் பங்கீட்டை மாற்றுகிறார், போய்விடுகிறார். பதிவும் அவரோடு போய்விடுகிறது. எரிவது நாங்கள் வாங்கிய எரிபொருள், விரிசல் விடுவது நாங்கள் மாற்ற வேண்டிய லைனர், உமிழ்வு எல்லை மீறினால் கேள்விக்கு நிற்பது நாங்கள். அந்தச் சுடரின் ஓசை மட்டும் உங்கள் வணிக ரகசியமாம். கட்டுப்பாட்டு நிரலையோ வடிவமைப்பு வரைபடங்களையோ நாங்கள் கேட்கவில்லை. எங்கள் இயந்திரத்தில் பொருத்திய சென்சார் என்ன கேட்டது என்பதை எங்களிடமிருந்து மறைப்பதற்கு எந்த நியாயமும் எங்களுக்குப் புலப்படவில்லை.

சேமிக்க இடமில்லை என்ற பதிலும் வந்திருக்கிறது. கணக்குப் போட்டுவிடலாம். 5 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்க நொடிக்கு 12,800 மாதிரிகள், ஒரு மாதிரிக்கு 24 பிட், அதாவது மூன்று பைட், 18 சேனல்கள். நாளொன்றுக்குச் சுமார் 60 ஜி.பி. மூன்று நாள் பதிவைச் சுழற்சியில் வைத்திருக்க 180 ஜி.பி. போதும். இன்று எந்தச் சாதாரண வட்டிலும் இது அடங்கும்.

கோபம் சற்றுத் தூக்கலாகவே வந்துவிட்டது, பொறுத்தருளுங்கள். பணிவோடு கேட்கிறோம். சென்சாரின் மின்குறியைப் பெருக்கும் ஒவ்வொரு சார்ஜ் ஆம்ப்ளிஃபையரிலும், உங்கள் கண்காணிப்புப் பணி பாதிக்கப்படாதபடி தனிமைப்படுத்திய நேரடி வெளியீட்டு முனை ஒன்றைத் திறந்து கொடுங்கள். எல்லாச் சேனல்களும் ஒரே கடிகாரத்தில் பதிவாகட்டும். டிரிப் ஆனவுடன் முந்தைய பத்து நிமிடங்கள் அழியாமல் உறையட்டும். அந்தக் கோப்பு பொதுவான வடிவத்தில் எங்கள் கைக்கு வரட்டும். அளவுக் குழாயின் நீளம், உள்விட்டம், சுருளின் நீளம், வடிகால் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பராமரிப்புக் கையேட்டில் அச்சிடுங்கள். பக்கத்துக் கலன்களைவிட ஒரு கலன் அளவுக்கு மீறி அமைதியானால் அதற்கும் அலாரம் வையுங்கள். கடைசி மூன்றுக்கும் நேரம் பிடிக்கும் என்றால் காத்திருக்கிறோம். மூல அலைவடிவத்தை மட்டும் அடுத்த பராமரிப்பு நிறுத்தத்துக்கு முன்பே தாருங்கள். கேபிளை இழுத்து இணைக்கும் வேலையை எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
டர்பைன் இயக்கும், கருவிகள் பராமரிக்கும் பணியாளர்கள்