பிசிஆருக்கு முந்தைய படியையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நோய்க்கிருமி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் மாதிரியில், கிருமியின் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன் டிஎன்ஏவை எந்த முறையில் பிரித்தெடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிருமி உடையாமலே போயிருந்தால், எவ்வளவு நல்ல கருவியாலும் அதைக் காட்ட முடியாது.

ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றின் சுவர் மெல்லியது. 95 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்கி, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்தாலே பெரும்பாலும் போதும். காசநோய்க் கிருமியின் மெழுகு போன்ற உறை அப்படி எளிதில் விட்டுக்கொடுக்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவிடம், சுவரைக் கரைக்க வழக்கமாகச் சேர்க்கும் லைசோசைம் நொதி பலிக்காது, லைசோஸ்டஃபின் என்ற வேறு நொதி வேண்டும். சில பாக்டீரியாக்களின் கடினமான உறக்க வடிவமான ஸ்போர்களுக்கு நொதியை மட்டும் நம்பக் கூடாது. இவற்றையெல்லாம் 0.1 மி.மீ. கண்ணாடி அல்லது சிர்கோனியா மணிகளோடு வேகமாகக் குலுக்கி உடைப்பதே மேல். டிஎன்ஏ துண்டாகும்தான். ஆனால் 100, 200 காரங்கள் (டிஎன்ஏவின் 'எழுத்துகள்') நீளமுள்ள பகுதியைத் தேடும் பிசிஆருக்கு அதனால் நஷ்டமில்லை. குலுக்கிய குழாயை உடனே திறந்தால் நுண்திவலைகள் வெளியேறும். சில நிமிடம் விட்டு, உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

உடைத்தால் மட்டும் போதாது, சுத்தமும் வேண்டும். வெறுமனே கொதிக்க வைத்த சாற்றில் ரத்தத்தின் ஹீம், மலத்தின் பித்த உப்பு, மண்ணின் ஹியூமிக் அமிலம் எல்லாம் அப்படியே தங்கி, பிசிஆரில் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதியை முடக்கும். பீனால்–குளோரோஃபார்ம் முறையில் டிஎன்ஏ நிறையக் கிடைக்கும். ஆனால் கொஞ்சம் பீனால் ஒட்டிக்கொண்டு வந்தாலும் பிசிஆர் வினை கெடும். 1990-இல் பூமும் அவரது குழுவினரும் வெளியிட்ட சிலிக்கா முறையில், குவானிடின் தயோசயனேட் கரைசலில் டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டுகிறது, ஆல்கஹாலில் கழுவியபின் உப்புக் குறைந்த கரைசலில் பிரிந்து வருகிறது. இன்றைய பல கிட்களுக்கு இதுவே அடிப்படை. இதில் அடிக்கடி நேரும் பிழை, கடைசிக் கழுவலுக்குப் பின் சிலிக்கா உள்ள குழாயை, கரைசல் எதுவும் ஊற்றாமல் இன்னொரு முறை சுழற்றாமல் விடுவது. மிஞ்சிய ஆல்கஹால் டிஎன்ஏவோடு சேர்ந்து வந்துவிடும். என்ன கிருமி என்று தெரியாத மாதிரிக்கு மணிக்குலுக்கலையும் சிலிக்காவையும் சேர்த்துச் செய்வதையே பரிந்துரைப்பேன்.

முறைகளை ஒப்பிடும்போது எவ்வளவு டிஎன்ஏ கிடைத்தது என்று மட்டும் பார்ப்பது பெரிய தவறு. சளியில் கிடைப்பதில் பெரும்பங்கு மனித டிஎன்ஏ. ஒரே மாதிரியைப் பங்கிட்டு, குறைந்த எண்ணிக்கையில் கிருமியைக் கலந்து, எத்தனை குழாய்களில் பிடிபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 200 மைக்ரோலிட்டர் மாதிரியிலிருந்து எடுத்த டிஎன்ஏ 100 மைக்ரோலிட்டர் கரைசலில் இருக்கிறது, அதில் 5 மட்டுமே பிசிஆருக்குப் போகிறது. அதாவது சோதிக்கப்படுவது 10 மைக்ரோலிட்டர் மாதிரிதான். ஒரு மில்லிலிட்டரில் 20 கிருமி இருந்தால், இதில் சராசரியாக 0.2. எதுவுமே வீணாகாவிட்டாலும் பெரும்பாலான குழாய்கள் நெகட்டிவ்தான். அதிக அளவு மாதிரியைச் சுழற்றிச் செறிவாக்கி, 50 மைக்ரோலிட்டரில் எடுத்து, மூன்று குழாய்களிலாவது ஓட்டினால் வாய்ப்பு கூடும்.

சோதனை சரியாக நடந்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டுச் சோதனையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வெறும் டிஎன்ஏவைச் சேர்த்தால் பிசிஆர் தடைப்பட்டதா என்பது தெரியும், சுவர் உடைந்ததா என்பது தெரியாது. மாதிரியில் இயல்பாக இருக்க வாய்ப்பில்லாத, தீங்கற்ற, தடித்த சுவருள்ள பாக்டீரியாவை முழுச் செல்லாக, முதல் படிக்கு முன்பே சேர்க்க வேண்டும். கூடவே மாதிரியே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கொண்டுபோக வேண்டும், கிட்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கலந்திருப்பதுண்டு.

ஆய்வக அறிக்கைகளில் 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பிரித்தெடுத்த முறை, எடுத்த மாதிரியின் அளவு, முழுச்செல் கட்டுப்பாட்டின் சிடி மதிப்பு (எத்தனையாவது பிசிஆர் சுற்றில் அது தென்பட்டது என்ற எண்) மூன்றையும் அச்சிட வேண்டும். அந்த மதிப்பு வழக்கத்தைவிட 3 சுற்றுக்கு மேல் தள்ளிப்போயிருந்தால் முடிவை வெளியிடாமல், டிஎன்ஏ கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் சரியாகாவிட்டால் மாதிரியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஒருவர்